பிரபுவின் ஆசைநாயகியும் பெரியப்பாவின் மூட்டுவலியும்

நான் பார்க்கிற வேலை என்னவென்று எங்கள் ஊரில் யாருக்கும் விளங்க வைக்க என்னால் இதுவரை முடியவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அவர்களுடைய முன்னோர்களைத் தேடிக் கொடுக்கிற கம்பெனி ஒன்றுக்காக, பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். அங்கே சர்ச்சுகளிலும் கோட்டைகளிலும் கிடக்கிற பழைய காகிதங்களைப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் கண்ணைச் சுருக்கி வாசித்து, யார் யாருக்குப் பிறந்தார்கள் என்று எழுதி அனுப்புவேன். அடுத்த வீட்டுக்காரர்கள் என்னை சாப்ட்வேர் என்று நினைக்கிறார்கள். என் அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, டிரஷரியில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். எதையும் சுருக்கிச் சொல்லிப் பழகியவர். "வெள்ளக்காரனுக்கு ஜாதகம் எழுதிக் குடுக்கா" என்று ஒரே வரியில் என் எம்.ஏ. சரித்திரத்தை முடித்துவிடுவார்.

போன வருடம் எனக்கு வாய்த்த கஸ்டமர் ஒரு பல் டாக்டர். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில் வாழ்நாள் முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு, இப்போது ஒரு பூனையோடு சும்மா இருக்கிறவர். வீடியோ காலில் பாதி நேரம் பூனைதான் தெரியும். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். தான் ஒரு பிரபுவின் வைப்பாட்டி வம்சம் என்று நிரூபித்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பிரபு இடைக்காலத்து ஆள். கோட்டை, குதிரை, ராஜாவுக்கு அடுத்த நாற்காலி எல்லாம் உண்டு. பெரிய இடத்துப் பெண்ணைக் கட்டினார். அவள் கொண்டுவந்த நிலத்துக்கு நாலு எல்லையும் எழுதி வைத்திருக்கிறார்கள், அவள் முகம் எப்படி இருந்தது என்று ஒரு மனுஷனும் எழுதவில்லை. இது ஒரு பக்கம் நடக்க, கோட்டைக்குக் கீழே பீர் காய்ச்சுகிறவர் மகளோடு பிரபுவுக்குத் தனியாக ஒரு குடித்தனம். அவளுக்கு மூன்று ஆணும் ஒரு பெண்ணும். பிள்ளைகளுக்குத் தன் பெயரைக் கொடுக்காமல், அவர்கள் பிறந்த கிராமத்தின் பெயரைக் கொடுத்தார். ஒருவனுக்கு ஒரு மாவு ஆலை, ஒருவனுக்கு ஒரு பண்ணை, பெண்ணுக்கு ஒரு குதிரைவீரன் மாப்பிள்ளை. மூத்தவனுக்கு மட்டும் தன் கேடயத்தில் இருந்த சின்னத்தையே கொடுத்து, குறுக்கே ஒரு சாய்ந்த பட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். இவன் என் பிள்ளைதான், ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியவன் என்று அதற்கு அர்த்தம். கடைசியில் முறையான வாரிசுகள் ஒவ்வொரு சண்டையிலும் தலையைக் கொடுத்துச் சீக்கிரமே தீர்ந்துபோனார்கள். பீர்க்காரர் மகளின் வம்சம்தான் தழைத்து, பல் பிடுங்கி, பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறது.

என் முதல் ரிப்போர்ட்டில், 'உங்கள் முன்னோர் பிரபுவிடம் கணக்கெழுதிய ஒரு குமாஸ்தாவுக்கு முறைப்படி பிறந்த மகனாகவும் இருக்கலாம்' என்று எழுதிவிட்டேன். டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பல நாள் பதிலே இல்லை. பிறகு ஒரு மெயில், தயவுசெய்து இன்னொரு முறை பாருங்கள் என்று. ஒழுங்காகக் கல்யாணம் செய்துகொண்ட அப்பன் அம்மைக்குப் பிறந்தவராக இருக்கக்கூடும் என்ற செய்தி ஒரு மனுஷனை இந்த அளவுக்கு வதைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் எதிர்ப்பக்கத்து வியாதிக்காரர்கள்.

அதில் முதல் ஆள் பெரியப்பா. எங்கள் குடும்பயோகத்துக்கு அவர்தான் பிரசிடென்ட். எங்கள் பக்கத்தில் பழைய குடும்பம் ஒவ்வொன்றும் இப்படி ஒரு சங்கம் வைத்திருக்கிறது. வருடத்தில் ஒருநாள் கூடி, ரேங்க் வாங்கின பிள்ளைகளுக்கு டார்ச் லைட்டோ டிபன் பாக்ஸோ கொடுத்து, சாம்பாரில் உப்பில்லை என்று சண்டை போட்டுப் பிரிவார்கள். இந்த முறை குடும்பக் கோயிலில் இசக்கியம்மனுக்குத் திருவிழாவான கொடையன்று வாசலில் பெரிய ப்ளெக்ஸில் வம்ச மரம் வைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரனுக்கே மரம் வரைகிறவள் வீட்டிலேயே இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று என் தலையில் கட்டினார்கள்.

தாத்தா வரைக்கும் தடையில்லாமல் வந்துவிட்டேன். தாத்தா ராஜா காலத்தில் நெய்யாற்றின்கரைக் கச்சேரியில் குமாஸ்தா. அவருக்கு ரெண்டு பிள்ளைகள், பெரியப்பாவும் என் அப்பாவும். அப்பா இப்போது இல்லை. மரத்தில் அவ்வளவுதான் வர வேண்டும் என்றார் பெரியப்பா. ஆனால் பாறசாலையிலிருந்து அம்பூரி வரைக்கும் பஸ் கண்டக்டர்களுக்குக்கூடத் தெரியும், தாத்தாவுக்குப் பனச்சமூட்டில் இன்னொரு வீடு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே இருந்த வீடு. அங்கே ஒரு மகனும் ஒரு மகளும். மகள் பெரியப்பாவை விட இளையவள், மகன் அவரை விட மூத்தவர். சிக்கல் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான். கொடையன்று பூசை முடிந்ததும் அம்மன் கழுத்து மாலையைக் கழற்றி, வீட்டில் மூத்த ஆணின் கழுத்தில் போடுவார்கள். தாத்தா போனதிலிருந்து அது பெரியப்பாவுக்குத்தான் விழுகிறது. மாலையோடு எடுத்த போட்டோக்கள் ஹாலில் வரிசையாகத் தொங்குகின்றன. முதல் போட்டோவில் தலைமுடி நிறைய, கடைசிப் போட்டோவில் மாலை மட்டும் நிறைய.

பனச்சமூட்டுக்காரரை எங்கள் வீட்டில் யாரும் வெறுத்ததில்லை. கல்யாணத்துக்கு அழைப்பார்கள், பந்தியில் நல்ல இடத்தில் உட்கார வைப்பார்கள். முறை சொல்லி மட்டும் கூப்பிட மாட்டார்கள். அரை மணி நேரம் ஒரு மனிதரோடு, அண்ணன் என்றோ பெரியப்பா என்றோ ஒரு வார்த்தை வாயில் விழாமல் பேசுவது லேசான காரியமில்லை. "ஆங், வந்தாச்சா? இரிக்கணும். சாயா எடுக்கட்டா?" என்று வளைந்து வளைந்து ஓட்டுவார்கள். எங்கள் குடும்பத்தில் குழந்தைகளுக்குக்கூட அந்த வித்தை தெரியும். அவருடைய தங்கச்சியைக் கூப்பிடுவதில் இந்தக் கஷ்டம் இல்லை. வயதான எந்தப் பெண்ணையும் அத்தை என்று கூப்பிடலாம், சொத்தோ மாலையோ பறிபோகாது.

நான் மரம் வரைகிறேன் என்று கேள்விப்பட்டு அந்த அத்தை ஒருநாள் பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் ஒரு அயனிச்சக்கை, சின்னப் பலாப்பழம் மாதிரி ஒன்று. மாடி ஏறி வந்து, கம்ப்யூட்டரில் இருந்த மரத்தை மூக்குக்கண்ணாடியை உயர்த்தி உயர்த்திப் பார்த்தாள்.

"எனக்க பேரு வேண்டாம் மக்கா. அண்ணனுக்க பேர மட்டும் போடு."

"அத்தை, இது நான் மட்டும் தீருமானிக்கக்கூடிய காரியம் இல்ல."

"அண்ணனுக்கு நெஞ்சில வெள்ளம் கட்டியிருக்கு. டாக்டர் கைய விரிச்சாச்சு. எனக்க அப்பனுக்க பேருக்குக் கீழ எனக்க அண்ணனுக்க பேரு கிடக்குதத அண்ணன் ஒருக்கா வாசிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். வஸ்து சொத்து வேண்டாம், மாலை வேண்டாம்."

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அயனிச்சக்கையை வெட்டப் போய் கையெல்லாம் பசையாக்கிக்கொண்டேன்.

மறுநாள் பனச்சமூட்டுக்குப் போனேன். அம்பூரியிலிருந்து வரும் ரப்பர் ஷீட்டை வாங்கி விற்கிற கடை அவருடையது. இப்போது மகன் பார்க்கிறான். அவர் பின் அறையில் ரெண்டு தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். என் தாத்தாவின் போட்டோவுக்கு வேட்டி கட்டிவிட்டது மாதிரி அதே மூக்கு, அதே காது. நான் வாசலில் கால் வைத்ததும் தும்ம ஆரம்பித்தார். நிற்கவே இல்லை.

"பிச்சிப்பூ வச்சிருக்கியா? பூவ எடுத்து வெளிய போட்டுட்டு வா மக்கா. அண்ணனுக்கு அது ஆவாது" என்றாள் அத்தை.

பூவை எடுத்து ஸ்கூட்டர் ஹாண்டிலில் மாட்டிவிட்டு வந்தேன். அவர் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பல் டாக்டரைப் பற்றித்தான் கேட்டார். நான் கதையைச் சொல்ல, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "அந்த ஆளு நம்ம ஊரில பிறந்திருக்கணும். காசு செலவாக்காம காரியம் நடந்திருக்கும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. புறப்படும்போது முதல் தடவையாக "வாறேன் பெரியப்பா" என்றேன். தும்மல் திரும்ப வந்ததைப் போல முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அந்த வாரமே பல் டாக்டரின் முடிச்சு அவிழ்ந்தது. பிரபு செத்தபோது யார் யாருக்குத் துக்கத்துக்கான கறுப்புத் துணி கொடுத்தார்கள் என்ற கணக்கு கிடைத்தது. முறையான மகனுக்கு அடுத்தபடியாக பீர்க்காரர் மகளின் மூன்று பையன்களுக்கும் துணி கொடுத்திருந்தார்கள். டாக்டரின் முன்னோர் அதில் ஒருவர். குமாஸ்தாவின் மகனுக்கு முழம் துணிகூட இல்லை. டாக்டர் அழுதுவிட்டார். பூனை பயந்து ஓடியது.

அன்று சாயங்காலம் சாயா குடிக்க வந்த பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். சட்டப் பாயிண்ட் என்றால் அவருக்கு உயிர். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

"அப்ப அது நம்ம புலையாக்கும்!"

சாவுத் தீட்டை எங்கள் பக்கம் புலை என்பார்கள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் வரைக்கும் கோயிலில் கால் வைக்கக்கூடாது, திருநீறு பூசக்கூடாது. புலையோடு கோயிலுக்குள் போனவனை இசக்கி விடமாட்டாள் என்பது எங்கள் வீட்டில் சட்டம்.

"கறுப்புத் துணி கிட்டினவனுக்குப் புலை உண்டு. புலை உண்டுன்னா ரெத்தம் உண்டு. பின்ன என்ன சந்தேகம்? அந்தப் பிள்ளைகள மரத்தில தைரியமாப் போடு" என்று இங்கிலாந்துக்குத் தீர்ப்பு வழங்கினார்.

"அப்போ பனச்சமூடு?"

சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். "அது வேற."

"என்ன வேற?"

"அது வேற மக்கா. நீ அந்தப் பல்லுக்காரனுக்க காரியத்தப் பாரு."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கிளாஸை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவரும் கத்தினார், நானும் கத்தினேன். அவருடைய அண்ணன் பெயரைப் போடாவிட்டால் போகட்டும், அந்த இடத்தையாவது விட வேண்டும், இல்லாவிட்டால் மரமே கிடையாது என்று சொல்லிவிட்டேன். கடைசியில் பெரியப்பாவே, தன் பெயருக்கு இடப்பக்கம், மூத்தவர் வர வேண்டிய இடத்தில், பெயரில்லாத ஒரு வட்டம் போடலாம் என்று டிரஷரி முறையில் ஒரு சமரசம் செய்தார். அதை அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன். ப்ளெக்ஸ் கடைக்காரர் ரொம்ப நல்ல மனுஷர். காலியாகக் கிடக்கிறதே, பார்க்க நன்றாக இருக்காதே என்று அந்த வட்டத்துக்குள் ஒரு ரோஜாப்பூவை வைத்து அச்சடித்துவிட்டார். ஆக எங்கள் தாத்தாவுக்கு மூத்த மகன் ஒரு ரோஜாப்பூ, இளையவர் டிரஷரி சூப்பிரண்டு, கடைசி மகன் என் அப்பா.

கொடைக்குக் கால் நாட்டி, மேளம், பந்தல், மைக் செட் எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்த பிறகு பனச்சமூட்டுப் பெரியப்பா இறந்துபோனார். தன் பெயரை எங்கும் வாசிக்கவில்லை. நானும் அம்மாவும் காலையிலேயே போய்விட்டோம். பெரியப்பா வரவில்லை. போன் செய்தார். "எப்பம் எடுக்காவ? சும்மா கேட்டேன்." கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போன். "ஆளு கூட்டம் உண்டா? சும்மா கேட்டேன்." மூன்றாவது தடவை நான் எடுத்ததும் அவரே வைத்துவிட்டார்.

சாயங்காலம் யோகத்தின் கமிட்டி கூடியது. செக்ரட்டரியான காஞ்சிரங்குளம் சித்தப்பா, பெரியப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, மெதுவாகக் கேட்டார்: "கொடைய மாத்தி வைக்கணுமா? புலை ஏதாவது..."

"யாருக்குப் புலை?" என்றார் பெரியப்பா. "பனச்சமூட்டில ஒரு ரப்பர் வியாபாரி செத்தாரு. அதுக்கு நமக்கு எதுக்குப் புலை? கொடை நடக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை.

கொடையன்று உச்சிப் பூசைக்குக் கொஞ்சம் முன்னால் போனேன். பந்தல் நிறைய ஊர்க்காரர்கள். மேளம் காதைக் கிழித்தது. உள்ளே எங்கள் குடும்பத்து முகம் ஒன்றைக்கூடக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், எல்லோரும் மதிலுக்கு வெளியே, ரோட்டோரமாக, ப்ளெக்ஸின் நிழலில் நிற்கிறார்கள்.

"உள்ளே போகலையா பெரியப்பா?"

"மூட்டுவலி மக்கா. அந்த ரெண்டு படி ஏற ஒக்காது." முந்தின நாள் ஏணியில் ஏறி நின்று ப்ளெக்ஸைக் கட்டினவர் அவர்தான். நெற்றியில் திருநீறு இல்லை. முகத்தில் தாடி, சாவன்றிலிருந்து எடுக்காத தாடி.

காஞ்சிரங்குளம் சித்தப்பாவிடம் போனேன். நாலுபக்கமும் பார்த்துவிட்டு, "நேத்து ஒரு சிநேகிதன் வீட்டில தெரியாம மீன்கறி சாப்பிட்டுட்டேன்" என்றார். எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே முகம் சுளிக்கிறவர் அவர். பங்காளி செத்தான் என்று ஒப்புக்கொள்வதைவிட மீன் தின்றேன் என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்தது. அவர் மகனுக்கு இடுப்புப் பிடிப்பு. வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மாதவிலக்கு. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் தந்திரமாக ஒதுங்கியிருக்கிறோம், மற்றவர்கள் உள்ளே போவார்கள் என்று நம்பி வந்திருக்கிறார்கள். கமிட்டி என்ன தீர்மானம் போட்டாலும் இசக்கிக்கு ரத்தம் யாருடையது என்று தெரிந்துவிட்டால் யார் கால் முறிவது? அவள் கமிட்டியில் இல்லையே.

"நீ ஏம்டி வெளிய நிக்க?" என்றார் பெரியப்பா.

"எனக்கு ஒரு போன் வரணும், இங்கிலாந்திலிருந்து" என்றேன். நம்பிக்கை, பயம் எல்லாம் எனக்குக் கிடையாது. பனச்சமூட்டுப் பெரியப்பாவுக்காக நிற்க வேண்டும் போல இருந்தது, நின்றேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாயாக்கடை பெஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்தாள். எல்லாக் கொடைக்கும் அண்ணனும் தங்கச்சியும் பனச்சமூட்டிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த பெஞ்சில் உட்கார்ந்து, மாலை விழுவதைப் பார்த்துவிட்டு, ஒரு சாயா குடித்துவிட்டுப் போவார்கள். இப்போது அவள் தனியாக வந்திருந்தாள். புலைக்காரி, கோயிலுக்கு வரக்கூடாது. ஆனால் அவள் கோயிலுக்கு எப்போது வந்தாள்? சாயாக்கடைக்குத்தான் வந்தாள்.

மேளம் நின்றது. பூசாரி அம்மன் கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மைக்கில் கூப்பிட்டார். "குடும்பத்து மூத்தவரு மாலைக்கு வரணும்." யாரும் நகரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். ஊர்க்கூட்டம் முழுக்கக் கழுத்தைத் திருப்பி மதிலுக்கு வெளியே பார்த்தது. பூசாரி எட்டிப் பார்த்தார். தாடியும் வெறும் நெற்றியுமாக ஒரு குடும்பமே வரிசையில் நிற்கிறது. எத்தனை சாவுவீடு பார்த்த மனுஷர். மைக் கையில் இருப்பதை மறந்து கேட்டுவிட்டார்.

"நிங்க வீட்டில யாரு செத்தது?"

கேள்வி நாலு ஸ்பீக்கரிலும் ரோடு முழுக்கப் போனது. காஞ்சிரங்குளம் சித்தப்பா மறுபடியும் மீன்கறியை ஆரம்பித்தார். பெரியப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ப்ளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். அந்த ரோஜாப்பூவைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கர் தேவைப்படாத சத்தத்தில் சொன்னார்:

"எனக்க அண்ணன்."

பெரியப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். மீன் தின்றவரும் அழுதார். புலைக்காரர்கள் தொடக்கூடாது என்பதால் பூசாரி மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப அம்மன் கழுத்திலேயே போட்டார்.

அத்தை அழவில்லை. ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து மாலையை எட்டிப் பார்த்தாள்.

"பிச்சிமாலையா? நல்லதாப் போச்சு. அண்ணன் கழுத்தில போட்டிருந்தா தும்மித் தும்மியே செத்திருக்கும்."

பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தாள். இத்தனை வருடத்தில் அவள் பெரியப்பாவை எந்த உறவுமுறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் வித்தை அவளுக்கும் தெரியும். இப்போது, பிரசிடென்டும் மூத்தவருமான அந்த மனுஷரைப் பார்த்து, ஊர் கேட்கக் கூப்பிட்டாள்:

"சின்னண்ணா, மூட்டுவலின்னா நிக்கப்பிடாது. இஞ்ச வந்து இரிங்க."

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, ரோட்டைக் கடந்து போய் உட்கார்ந்தார்.